கூண்டின் கதவு

எலி வளர்ப்பதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று இதனைக் கையிலெடுக்கும் வாசகர்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களைக் குறை கூறேன். விருதுநகரில் பருப்பு வணிகம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் நான். எலி என்னும் சொல்லை எங்கள் வீட்டில் எவரும் இனிய சொல்லாக உச்சரித்ததில்லை. துவரையும் உளுந்தும் மல்லியும் வற்றலும் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்ட கிட்டங்கிகள் நிறைந்த ஊர் இது. ஓர் எலி தின்பது சிறிது. அது சாக்கைக் கிழித்துச் சிந்துவதும் கழிவிட்டு அசுத்தமாக்குவதும் அதனினும் பெரிது. என் அத்தா அஸர் தொழுகைக்குப் பின் கிட்டங்கியை ஒருமுறை சுற்றி வந்து, பொறிகளைத் தம் கையாலேயே சோதித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். அவருக்குப் பின் அந்த வேலை எனக்கு வந்தது. இன்றும் செய்து வருகிறேன்.

அத்தகைய வீட்டிற்குள், ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு முன், நான்கு வெள்ளை எலிகள் விலை கொடுத்து வாங்கப்பட்டு வந்து சேர்ந்தன. அப்பொழுது ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் இளைய மகள், பெருநாள் காசைச் சேர்த்து வைத்துத் தன் மாமாவுடன் மதுரைக்குச் சென்று வாங்கி வந்திருந்தாள். இஷாவுக்குப் பின் நான் வீடு திரும்பியபோது கூடத்தில் ஒரு கம்பிக் கூண்டு. அதனுள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு உறங்கும் நான்கு சிற்றுயிர்கள். அருகே அச்சமும் மகிழ்ச்சியும் கலந்த முகத்தோடு மகள். "அத்தா, இதையும் கிட்டங்கி எலி மாதிரிதான் பார்ப்பீங்களா?" என்று கேட்டாள். அன்று எனக்கு விடை கூறத் தெரியவில்லை. ஒரே இனத்தைச் சேர்ந்த உயிரை ஓரிடத்தில் கொல்வதும் மற்றோரிடத்தில் ஊட்டி வளர்ப்பதும் ஒரே மனிதனின் கைக்கு எவ்வாறு பொருந்தும்? இக்கேள்வியோடு நான் வாழ்ந்த மூன்றாண்டுகளின் விளைவே இக்கட்டுரை.

என் தாயார் முதலில் எழுப்பிய தடை தூய்மை பற்றியது. அது நியாயமான தடை. எலியின் கழிவு அசுத்தம். தொழுகை விரிப்பு இருக்கும் அறையில் கூண்டு இருத்தல் ஆகாது. எனவே பின்கட்டுத் தாழ்வாரம் அதற்கு ஒதுக்கப்பட்டது. கூண்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் அடுக்களைக்குள் வரக்கூடாது என்றும் கட்டளை பிறந்தது. எலிக்காய்ச்சல் என்று நாம் அறிந்த நோயின் கிருமி எலியின் சிறுநீர் வழியே பரவுவது ஆகையால், மருத்துவ நோக்கிலும் தாயாரின் சட்டம் பிழையற்றது.

இரண்டாவது தடை தீ பற்றியது. படுக்கச் செல்லுமுன் விளக்கை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததையும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று அதற்குக் காரணம் கூறியதையும் புகாரித் தொகுப்பில் காண்கிறோம். ஓர் எலி எரியும் திரியை இழுத்து வந்து பெருமானார் அமர்ந்திருந்த விரிப்பின்மீதே போட்டு, ஒரு திர்ஹம் அளவு கரித்துவிட்டதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. மற்ற ஊரார் இதனை வரலாற்றுச் செய்தியாகக் கேட்பர். எங்கள் காதில் அது வேறுவிதமாக விழும். இங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாள்முதல், வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமிக்கு நெருப்பே ஒரு வெள்ளாமை ஆகிவிட்டது. திரி என்றால் எங்களுக்கு விளக்குத் திரி மட்டுமன்று, கருந்திரியும்தான். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டதை இப்பகுதியில் மறந்தவர் இலர். "எலி இழுத்த திரி" என்று என் தாயார் சொன்னபோது அவர் கண்முன் நின்றது மதீனத்து மண் விளக்கு மட்டும் அன்று என்பதை நான் அறிவேன்.

இவ்வையங்களைச் சுமந்துகொண்டு எங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் சென்றேன். முதியவர், நிறையக் கற்றவர், சிரிக்கத் தெரிந்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். ஃபாஸிக் என்று சொல்லப்பட்ட ஐந்தில் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வதே கூடாது என்ற இமாம்களும் இருக்கிறார்கள். நீங்கள் வாங்கிய பிறகு வந்து கேட்கிறீர்கள். இப்போது கூண்டின் கதவு உங்கள் கையில் இருக்கிறது. அது வேறு மஸ்அலா."

அவர் குறிப்பிட்ட ஐந்து யாவை என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவர். காகம், பருந்து, தேள், எலி, கடிநாய் ஆகியவற்றை, வேட்டை விலக்கப்பட்ட புனித எல்லைக்குள்ளும் கொல்லலாம் என்பது நபிமொழி. இவற்றுக்கு ஃபாஸிக் என்று பெயர். அரபு மொழியில் அச்சொல்லின் வேர், ஒன்று தன் எல்லையை விட்டு வெளியேறுதலைக் குறிக்கும். வளையை விட்டு வெளியேறி மனிதருக்குத் தீங்கு செய்வதால் எலி அப்பெயர் பெற்றது என்று விளக்குவர். பாவி என்று மனிதனைச் சொல்லும் பொருளில் எலியை எவரும் சொல்லவில்லை; எலிக்குக் கேள்விக் கணக்கு ஏது? அனுமதி தீங்கைப் பற்றி வந்தது. சாக்கைக் கிழிக்கும் எலி, திரியை இழுக்கும் எலி, நோயைச் சுமந்து வரும் எலி. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவி ஊர் ஊராய் மக்கள் மாண்ட காலத்தை எண்ணினால், இந்த அனுமதியின் தேவை விளங்கும். பொறி வைப்பதற்கு நான் இன்றும் வெட்கப்படவில்லை.

ஆனால் கூண்டுக்குள் இருக்கும் எலி எந்த எல்லையை மீறிற்று? அது எங்கே போகவேண்டும், எப்பொழுது உண்ணவேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவன் நான். இங்கேதான் பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் செய்தி நினைவுக்கு வரவேண்டும். பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், பூமியில் ஊரும் சிற்றுயிர்களைத் தின்று பிழைக்கட்டும் என்று விட்டுவிடவும் இல்லாமல், அது சாகக் காரணமான ஒருத்தி வேதனைக்கு ஆளானாள் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அவள் பூனையை அடித்ததாக அறிவிப்பில் இல்லை. அதனிடம் அன்பு காட்டவில்லை என்ற குற்றச்சாட்டும் இல்லை. ஊட்டுதல், விடுதல் என்னும் இரண்டு வழிகளையும் ஒருசேர அடைத்ததே அவள் குற்றம். இன்னொன்றும் நோக்கத்தக்கது. அவள் விட்டிருந்தால் அப்பூனை தின்று பிழைத்திருக்கக்கூடியவற்றுள் எலியும் ஒன்று! பூனை எலியைப் பிடிப்பதை எவரும் பாவம் என்று சொல்லவில்லை. பூட்டிய கைக்கு மட்டுமே பொறுப்பு வந்தது.

என் மைத்துனர் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் எளிது மச்சான், கண்மாய்க் கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாம். இரண்டாவது வழி திறந்துதானே இருக்கிறது?" என்றார். மூன்று நாள் நானும் அவ்வாறே எண்ணினேன். பின்பு அந்த எலிகளைச் சற்றுக் கவனித்தேன். அவை நம் வயல் எலிகள் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எலி பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள், தங்களிடம் அகப்பட்டவற்றுள் நிறம் மாறியவற்றைத் தனியே வைத்து வளர்த்து விற்கத் தொடங்கினர். விக்டோரியா அரசியாரின் எலி பிடிப்பாளர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக் என்பவர் அவர்களுள் பெயர் பெற்றவர். 1906இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து விஸ்டார் நிலையம் ஆய்வுக்கென வெள்ளை எலிகளை ஒரே வகையாகப் பெருக்கலாயிற்று. உலகெங்கும் மருந்துச் சோதனைக்காக வளர்க்கப்படும் எலிகளுள் மிகப்பல அந்த வழியில் வந்தவை. நூறாண்டுக்கும் மேலாக மனிதன் கையிலேயே பிறந்து, மனிதன் கையிலேயே இறந்த உயிர்கள்! பருந்தின் நிழல் கண்டு ஓடும் பழக்கம் மங்கியவை. வெயிலில் கண் கூசுபவை. கரிசல் மண்ணில் ஒரு கண்மாய்க் கரையில் வெள்ளை எலியை விடுவது, சாப்பாட்டுத் தட்டில் வைத்துக் காகத்திடம் நீட்டுவதற்கு ஒப்பாகும். ஆக, இரண்டாவது வழியை அடைத்தவன் நான் அல்லன் என்றாலும், அது அடைபட்டிருப்பது உண்மை. எஞ்சியது ஊட்டுதல் ஒன்றே.

ஊட்டுதல் என்பதும் நான் எண்ணியதைவிடப் பெரிய சொல்லாயிற்று. நான்கும் பெண் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தனர். ஒரு மாதம் கழிவதற்குள் கூண்டின் மூலையில் இளஞ்சிவப்பாய், கண் திறவாமல், சுண்டுவிரல் நுனியளவில் ஒன்பது குட்டிகள்! எலிக்குச் சூல்காலம் மூன்று வாரம். ஈன்ற மறுநாளே மீண்டும் சூல் கொள்ளவும் கூடும். குட்டிகளோ ஐந்து வாரத்தில் தாமே இனம் பெருக்கும் பருவத்தை எட்டிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டங்கியில் ஏன் தோற்கிறோம் என்பது அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. அன்றிரவே ஆணைத் தனிக்கூண்டில் பிரித்தோம். குட்டிகள் வளர்ந்ததும் ஆண்களைத் தந்தையோடும் பெண்களைத் தாயோடும் சேர்த்தோம். மகளின் தோழியர் இருவர் வீட்டார் மனமொப்பி இவ்விரண்டாக நான்கைப் பெற்றுக்கொண்டனர். ஒன்றை மட்டும் கேட்டவருக்குக் கொடுக்கவில்லை. எலி தனித்து வாழும் உயிரன்று. துணையின்றி இருந்தால் உணவு மறுத்து வாடும்.

இதனிடையே பெரிய தொட்டியில் ஊனுண்ணும் மீன் வளர்க்கும் ஒருவர், செய்தி கேள்விப்பட்டுக் குட்டிகளை விலைக்குக் கேட்டு வந்தார். தவறான மனிதர் அல்லர்; மீனுக்கும் பசி உண்டு. "பூனை பிடிச்சா குற்றமில்லைன்னு சொன்னீங்க. இவர் மீனுக்குக் குடுத்தா மட்டும் ஏன் கூடாது?" என்று மகள் கேட்டாள். சோதிக்கக் கேட்டாளா, உண்மையாகவே அறியக் கேட்டாளா என்று தெரியவில்லை. இறைவன் வகுத்த வேட்டையில் எலிக்கு ஓட வழியுண்டு; பூனை தோற்கவும் கூடும். தொட்டிக்குள் நாம் போடும் குட்டிக்கு அந்த வழி இல்லை. கொடுப்பது ஹராம் என்று தீர்ப்புக் கூற நான் முஃப்தி அல்லன். என் வீட்டில் பால் குடித்த ஒன்றை அவ்வாறு ஒப்படைக்க என் கை ஒப்பவில்லை. அவர் வருத்தமின்றியே போய்விட்டார்.

ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்), மனிதர்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை ஒரு பட்டியலாகவே வகுத்திருக்கிறார் என்று ஹஜ்ரத் எனக்குக் காட்டினார். முதுமையினாலோ நோயினாலோ இனிப் பயன் தராத நிலையிலும் அதற்குரிய உணவுச் செலவை ஏற்றல். தாங்காத சுமையை ஏற்றாதிருத்தல். தன் இனத்ததாயினும் பிற இனத்ததாயினும் தனக்குத் தீங்கு செய்யும் ஒன்றோடு அதனைச் சேர்த்து அடைக்காதிருத்தல். அது தங்குமிடத்தை நல்லதாக அமைத்தல். சுல்தான்களை எதிர்த்து நின்ற அப்பெரியார், விலங்கின் கொட்டிலுக்காகவும் எழுத நேரம் ஒதுக்கினார் என்பது எனக்கு வியப்பாயிருந்தது. அவர் மனத்திலிருந்தவை ஒட்டகமும் கழுதையும் ஆகலாம். எங்கள் தாழ்வாரத்தில் அவ்விதிகள் ஒவ்வொன்றும் எலிக்குப் பொருந்தின.

தங்குமிடம் என்பதையே எடுத்துக்கொள்வோம். எலிக்கு வியர்வை இல்லை; மயிரற்ற வாலின் வழியே உடற்சூட்டை வெளிவிடுகிறது. சித்திரை வெயிலில் விருதுநகர் எவ்வாறு கொதிக்கும் என்பதை இவ்வூரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்துணி போர்த்திய மண்சட்டிகளைக் கவிழ்த்து, ஒரு வாய் உடைத்துக் குகைபோல் கூண்டுக்குள் வைத்தோம். நண்பகல் முழுதும் அவற்றினுள்ளேயே கிடந்தன. படுக்கையைக் கழுவாமல் இரண்டு நாள் விட்டால் சிறுநீரின் நெடி அவற்றின் நுரையீரலைப் பற்றும். மூச்சில் கீச்சொலி கேட்கும். கண்ணோரம் சிவப்பாய்க் கசிவதைக் கண்டு இரத்தம் என்று மகள் அழுதாள். அது இரத்தமன்று, நோயிலோ துன்பத்திலோ எலியின் கண்சுரப்பி விடும் நிறநீர். ஆடுமாடு பார்க்கும் மருத்துவர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பசுவைப் பார்க்கும் அதே கவனத்தோடு பார்த்து மருந்து கொடுத்தார். கம்பும் சோளமும் கீரையும், சில நாள் அவித்த முட்டையும் உணவு. பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால் கடிக்க வேப்பங்குச்சி. உணவைக் கையில் வாங்கி, இரு முன்கால்களால் பிடித்து, நம்மைப் பார்த்துக்கொண்டே உண்ணும்போது, வானத்தில் பறப்பவையும் பூமியில் ஊர்பவையும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தில் திருமறை (6:38) கூறுவது என் நெஞ்சில் வரும்.

சமுதாயம் என்பது எவ்வளவு பொருத்தமான சொல் என்பதற்கு அறிவியலும் சான்று தருகிறது. 2011இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓர் எலியைச் சிறு குழலில் அடைத்து, அதன் தோழனை வெளியே விட்டனர். வெளியே இருந்த எலி பலமுறை முயன்று, குழலின் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டு, தோழனை விடுவித்தது. பக்கத்தில் சாக்லேட் வைத்த மற்றொரு குழல் இருந்தபோதும் இரண்டையும் திறந்து, பெரும்பாலும் பங்கிட்டுத் தின்றது. ஆப்பிரிக்காவில் வாழும் வேறோர் இனப் பெருஎலியான மகவா, கம்போடியாவில் கண்ணிவெடி முதலியவற்றை மோப்பத்தால் கண்டு உயிர்களைக் காத்ததற்காக 2020இல் பொற்பதக்கம் பெற்றது. வெடிமருந்து நாட்டைச் சேர்ந்த நமக்கு அச்செய்தி தனிச்சுவை உடையது.

இனி, நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பதினொரு வயது இருக்கும். தீபாவளிக்கு முந்திய வாரம். கூண்டுப் பொறியில் அகப்பட்ட ஓர் எலியைத் தெருப் பையன்கள் நாங்கள் எடுத்துப்போனோம். ஒருவன் கம்பியின் இடுக்கு வழியே அதன் வாலை இழுத்துச் சரவெடித் துண்டைக் கட்டினான், ஒருவன் பற்றவைத்தான், கதவைத் திறந்துவிடும் வேலை எனக்கு. அது சாக்கடை ஓரமாக ஓடியதையும், வெடித்த பின்பும் ஓட முயன்றதையும் இங்கே விரிக்கமாட்டேன். அத்தா வந்துவிட்டார். அன்று காலைதான் அவரே இரண்டு எலிகளைக் கொன்று புதைத்திருந்தார். என்னை அடிக்கவில்லை. "கொல்லத்தாண்டா சொன்னேன். விளையாடவா சொன்னேன்?" என்றார். எறும்புப் புற்று ஒன்று எரிக்கப்பட்டதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் அதிபதிக்கு மட்டுமே உண்டு என்று கண்டித்ததை இரவில் கூறினார். கொல்வதாயினும் அதனைச் செவ்வனே செய்யவேண்டும் என்னும் நபிமொழி அவருடைய பொறிகளுக்கும் பொருந்தியது என்பதை நான் வெகுகாலம் கழித்தே உணர்ந்தேன். ஒட்டும் பசை அட்டை சந்தைக்கு வந்தபோது, வாங்கவே மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அதில் அகப்பட்ட எலி ஒரு பகல் முழுதும் உயிரோடு துடிக்கும்.

இந்த நினைவு இருப்பதனால், வீட்டு எலிகளுக்கு வந்த முதல் தீபாவளி எனக்குச் சோதனையாயிற்று. இருபதாயிரம் அதிர்வுக்கு மேல் மனிதச் செவிக்கு எட்டாது. எலியின் செவி எண்பதாயிரம் வரை கேட்கும். 2018இல் உச்சநீதிமன்றம் வெடிக்கும் நேரத்தைச் சுருக்கியது உண்மையே. ஆயினும் சிவகாசிக்குப் பக்கத்து ஊரில் அந்த நேரம் எத்தகையது என்பதைச் சொல்லவேண்டுமா? பட்டாசுத் தொழிலைப் பழிக்க நான் வரவில்லை. இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் உலை வைப்பது அந்தத் தொழில். எங்கள் கடைப் பருப்பை வாங்குவோரும் அவர்களே. பட்டாசு ஆலையில் மருந்தைக் கையாளும் அறைகளைக் கண்டவர்கள் அறிவர்: ஓர் அறைக்கு நால்வர் என்பது விதி, கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கவேண்டும், வழியில் ஒன்றும் தடுக்கக்கூடாது என்பதும் விதி. எரியும் நொடியில் உள்ளே இருப்பவன் தன் கையால் தள்ளிக்கொண்டு ஓடுவதற்காக அவ்வாறு வைத்தார்கள். அவ்விதி மீறப்பட்ட இடங்களில் நடந்தவற்றை எங்கள் மருத்துவமனைகள் பலமுறை கண்டுவிட்டன. எங்கள் வீட்டுக் கூண்டின் கதவுக்கோ கொக்கி வெளியில். அன்று மாலை கூண்டுகளை உள்ளறைக்குக் கொண்டுசென்று, சன்னல்களில் மெத்தைகளைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு மகளும் நானும் அருகே அமர்ந்திருந்தோம். அவை ஒரே குவியலாய் ஒட்டிக்கொண்டு நடுங்கின. வெளியே பிள்ளைகளின் மகிழ்ச்சிக் கூச்சல் கேட்டது. அக்கூச்சலில் ஒரு காலத்தில் என் குரலும் இருந்தது.

எலியின் ஆயுள் இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டு. ஒவ்வொன்றாக அவை போய்விட்டன. முதல் எலி இறந்தபோது மகள் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. ஓர் எலிக்கு இவ்வளவு துக்கமா என்று உறவினர் கேலி செய்தனர். அப்போது நான் அவளுக்கு அபூஉமைரைப் பற்றிச் சொன்னேன். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி. ஒரு சிட்டுக்குருவி அளவுப் பறவையை வைத்து விளையாடி வந்த சிறுவன். அப்பறவை இறந்து அவன் வாடியிருந்தபோது, நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அவனைப் பெயரிட்டு அழைத்து, அந்தச் சிறு பறவை என்னவாயிற்று என்று கனிவோடு கேட்டார்கள். சிற்றுயிரைத் துன்புறுத்தாமல் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் காட்டுவர். எனக்கு அதில் வேறொன்று பெரிதாகப்படுகிறது. ஆட்சியும் போரும் வேதமும் சுமந்த ஒரு தலைவர், ஒரு பிள்ளையின் பறவைக்காக நின்று விசாரித்தார்கள். கேலி செய்த உறவினரிடமும் இதனையே சொன்னேன். அவர்கள் பேச்சை மாற்றிவிட்டனர்.

இப்பொழுது ஒன்றே ஒன்று எஞ்சியிருக்கிறது. அந்த ஒன்பது குட்டிகளுள் ஒரு பெண். வயதாகிவிட்டது. பின்னங்கால்கள் இழுக்கின்றன, விலாவில் ஒரு கட்டி. துணையின்றி இருக்கும் இதற்கு இன்னொன்றை வாங்கினால், இது போனபின் அது தனிக்கும், அதற்காக மற்றொன்று, இவ்வாறு இந்தச் சங்கிலிக்கு முடிவில்லை. மகளும் நானும் பலநாள் பேசினோம். வாங்கவேண்டாம், துணைக்கு நாமே இருப்போம் என்று அவளே முடிவு செய்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை அவள் படிக்கும்போது அது அவளது தாவணி மடிப்புக்குள் உறங்குகிறது. அவள் பள்ளி சென்றபின் அது என் பொறுப்பு. ஊறவைத்த அவலைச் சிறு உருண்டையாக்கி நானே ஊட்டுகிறேன். முதல் வாரம் கூச்சமாக இருந்தது, இப்பொழுது இல்லை.

நேற்று ஊட்டிக்கொண்டிருக்கையில் கிட்டங்கியிலிருந்து பையன் தொலைபேசியில் அழைத்தான். உளுந்து மூட்டைகளுக்கிடையே எலி நடமாட்டம் இருக்கிறதாம். பசை அட்டை வாங்கி வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், அத்தா காலத்துப் பெட்டியில் பழைய விசைப் பொறிகள் இருக்கின்றன, அவற்றை எண்ணெயிட்டு வை, அஸருக்குப் பின் வருகிறேன் என்றேன். மடியிலிருந்தது மிச்ச அவலுக்காக என் விரலைப் பிடித்து இழுத்தது.